மெய்நிகர் டிஸ்க்குக்குக் கர்னல் டிரைவர் எழுதத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டது இது. உங்கள் தரவு சுருக்கப்பட்ட துண்டுகளாக, விரித்தால் ஒவ்வொன்றும் 4 எம்பி, ஒரே கோப்புறையில் ஆயிரக்கணக்கான கோப்புகளாக இருக்கிறது. அதை லினக்ஸில் ஒரே டிஸ்க்காகக் காட்டி, மேலே வழக்கமான ஃபைல் சிஸ்டம் போட்டு, படிக்கவும் எழுதவும் வேண்டும். பிற்பாடு விண்டோஸிலும் அதே வசதி வேண்டும். இதற்குக் கர்னல் டிரைவர், அதாவது இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் ஓடும் நிரல், எழுதுவதுதான் வழியா, எழுதினால் எங்கே தொடங்குவது?

டிரைவர் எழுதலாம். முதல் வடிவம் சில நூறு வரிகளில் வந்துவிடும், ஒரு வார இறுதியில் ஓடவும் செய்யும். ஆனாலும் உங்கள் வேலைக்கு அதை முதல் படியாக நான் சொல்ல மாட்டேன். தேவையான கர்னல் பகுதி லினக்ஸில் ஏற்கெனவே இருக்கிறது. சுருக்குவதும் விரிப்பதுமான உங்கள் வேலையைச் சாதாரண நிரலாக எழுதி அதோடு இணைத்துவிடலாம். காரணம் புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

கர்னலுக்கு டிஸ்க் என்பது எண் போட்ட பெட்டிகளின் நீண்ட வரிசை. ஒவ்வொரு பெட்டியும் ஒரு செக்டர். லினக்ஸ் உள்ளுக்குள் எப்போதும் 512 பைட் செக்டர் கணக்கில்தான் பேசும். உங்கள் சாதனம் 4096 பைட் செக்டர் கொண்டது என்று அறிவித்தாலும், கொள்ளளவைச் சொல்லும் இடத்தில் 512 கணக்குதான். அங்கே 4096 கணக்கில் எண்ணிக் கொடுத்துவிட்டு, டிஸ்க் ஏன் எட்டில் ஒரு பங்காகத் தெரிகிறது என்று தேடிக்கொண்டிருப்பது முதல் டிரைவர் எழுதுபவர்களுக்கு அடிக்கடி நடப்பது. மேலே இருந்து வரும் கோரிக்கையும் எளிமையானதுதான்: இத்தனையாவது செக்டரிலிருந்து இத்தனை செக்டரைப் படி, அல்லது எழுது, தரவு இந்த நினைவகப் பக்கங்களில் இருக்கிறது. உங்கள் 4 எம்பி துண்டில் 8192 செக்டர் அடங்கும். 20,000-ஆவது செக்டர் கேட்டால் 8192-ஆல் வகுங்கள். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 2-ஆம் எண் துண்டு, அதற்குள் 3616-ஆவது செக்டர். கோரிக்கை துண்டின் எல்லையைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முகவரிக் கணக்கு இத்துடன் முடிந்தது.

இந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் டிரைவர்கள் லினக்ஸில் நிறைய. மிகப் பழக்கமானது லூப் டிரைவர். ஒரு கோப்பை லோசெட்டப் கட்டளையிடம் கொடுத்தால் அது டிஸ்க் ஆகிவிடும். பார்ட்டிஷனை (டிஸ்க்கின் உட்பிரிவை) தேடச் சொல்லும் விருப்பத்தையும் சேர்த்தால் உள்ளே இருக்கும் பார்ட்டிஷன்கள் தனித்தனியாகத் தெரியும். கோப்பை வெற்றிடக் கோப்பாக, அதாவது எழுதிய பகுதிக்கு மட்டும் இடம் பிடிக்கும்படி உருவாக்கினால், 100 ஜிபி டிஸ்க் ஆரம்பத்தில் சில கேபி மட்டுமே எடுக்கும். இதில் ஒரு அபாயம் உண்டு. கீழே இருக்கும் உண்மையான டிஸ்க் நிறைந்துவிட்டால், மேலே இருக்கும் ஃபைல் சிஸ்டம் தன்னிடம் 60 ஜிபி காலி இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும்போதே எழுத்துகள் (எழுதச் சொல்லும் கோரிக்கைகள்) பிழையோடு திரும்பும். இடமில்லை என்று அது எதிர்பார்க்கவே இல்லை. டிஸ்க் பழுதாகிவிட்டது என்றுதான் புரிந்துகொள்ளும். உங்கள் துண்டுகளுக்கும் இதே கதை வரும். சுருக்க விகிதம் எப்படி அமையும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது அல்லவா?

நினைவகத்தை டிஸ்க்காக்க பிஆர்டி டிரைவர் இருக்கிறது. நினைவகத்திலேயே சுருக்கி வைக்க இசட்ராம் இருக்கிறது. அது 2014-இல் வந்த லினக்ஸ் 3.14-இல் முதன்மைக் கர்னலில் சேர்ந்தது. எழுதத் தொடங்கும் முன் இசட்ராமின் மூல நிரலை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். அது 4 கேபி பக்கம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருக்குகிறது. பெரிய துண்டாகச் சுருக்கினால் இன்னும் நன்றாகச் சுருங்கும் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பெரிய துண்டுக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை யோசித்துத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள். அந்த விலையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சரி, கர்னலுக்குள்ளேயே எழுதுவது என்று வைத்துக்கொள்வோம். 2014 ஜனவரியில் வெளியான 3.13-இல் பல-வரிசை பிளாக் அடுக்கு, அதாவது டிஸ்க் கோரிக்கைகளைப் பல வரிசைகளில் கையாளும் கர்னல் பகுதி, வந்தது. 2019-இல் வந்த 5.0-இல் பழைய ஒற்றை-வரிசை முறையை முழுக்க நீக்கிவிட்டார்கள். ஆகவே அதற்கு முந்தைய பாடநூல்களில் இருக்கும் மாதிரி டிரைவர் இன்று கம்பைல் கூட ஆகாது. புதிய முறையில் நீங்கள் எழுதுவதன் எலும்புக்கூடு இப்படி இருக்கும்: எத்தனை வரிசை, ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கை என்று ஒரு அமைப்பில் சொல்கிறீர்கள், அதை வைத்து டிஸ்க் ஒன்றை ஒதுக்குகிறீர்கள், கொள்ளளவையும் வரம்புகளையும் நிரப்புகிறீர்கள், கடைசியாக அந்த டிஸ்க்கைக் கர்னலில் சேர்க்கிறீர்கள். இந்தக் கடைசி என்ற சொல்லுக்கு அழுத்தம் கொடுத்துப் படியுங்கள். சேர்க்கும் அழைப்பு திரும்பி வருவதற்கு முன்பே, பார்ட்டிஷன் பட்டியலைத் தேடிக் கர்னல் உங்கள் டிஸ்க்கைப் படிக்கத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் உங்கள் தரவு அமைப்புகள் தயாராக இல்லை என்றால் கணினி அங்கேயே நின்றுவிடும்.

கோரிக்கை வந்து சேரும் இடத்தில் தூங்கக் கூடாது. அதாவது காத்திருக்க வைக்கும் எதையும் நேரடியாகச் செய்யக் கூடாது. கோப்பைத் திறந்து படிப்பது காத்திருக்க வைக்கும் வேலைதான். தூங்கலாம் என்று முன்பே ஒரு கொடியில் (ஃபிளாக்) அறிவிக்க வேண்டும், அல்லது லூப் டிரைவர் செய்வதுபோலக் கோரிக்கையை ஒரு வேலைவரிசைக்குத் தள்ளிவிட்டு வேறு திரெட்டில் (தனியாக ஓடும் இழையில்) முடிக்க வேண்டும். அப்புறம், இந்த இடைமுகங்கள் நிலையானவை அல்ல. டிஸ்க்கை ஒதுக்கும் அழைப்பே 6.9-இல் மாறியது, வரம்புகளைத் தனியாக அமைத்துக்கொண்டிருந்ததை விட்டு, ஒதுக்கும்போதே கொடுக்கும் முறை வந்தது. முதன்மைக் கர்னலுக்கு வெளியே ஒரு டிரைவரை வைத்திருப்பவர் கர்னல் நகர நகர அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் தனியாளாக இதைச் செய்கிறீர்கள் என்றால் இந்தச் செலவைக் கட்டாயம் கணக்கில் எடுங்கள்.

இனி ஃப்ளஷ், அதாவது கேஷில் நிற்பதை நிரந்தரமாகப் பதியச் சொல்லும் கோரிக்கை. டிஸ்க் என்பதன் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு எழுத்து முடிந்தது என்று டிஸ்க் சொன்னால், அது நிரந்தரமாகப் பதிந்துவிட்டது என்று பொருள் அல்ல. டிஸ்க்கின் கேஷில், அதாவது தற்காலிக நினைவகத்தில், மட்டும் இருக்கலாம். ஃப்ளஷ் கோரிக்கை வந்து, அதுவும் முடிந்தது என்று நீங்கள் சொன்னால், அந்த ஃப்ளஷுக்கு முன் முடிந்த எல்லா எழுத்துகளும் மின்சாரம் போனாலும் இருக்கும் என்று உறுதி கொடுக்கிறீர்கள். இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்களின் ஜர்னல், அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு, முழுக்க இந்த ஒரு உறுதியின் மேல்தான் நிற்கிறது. டேட்டாபேஸ்களும் அப்படியே.

நான் முதலில் எழுதிய டிரைவரில் இந்த இடத்தில்தான் தவறினேன். கேஷ் வைத்திருந்தேன், ஃப்ளஷைக் கையாளும் நிரலையும் எழுதியிருந்தேன். ஆனால் என்னிடம் எழுத்துக் கேஷ் இருக்கிறது என்று கர்னலிடம் அறிவிக்க மறந்துவிட்டேன். அறிவிக்காவிட்டால் பிளாக் அடுக்கு ஃப்ளஷை உங்களிடம் அனுப்பாது. கேஷ் இல்லாத டிஸ்க்குக்கு எதற்கு என்று மேலேயே வெற்றி என முடித்துவிடும். பல வாரம் எல்லாம் சரியாக ஓடியது. சோதனைக் கணினி ஒரு நாள் திடீரென அணைந்தது. எழுந்தபோது ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகவில்லை. என் ஃப்ளஷ் நிரலில் ஒரு எண்ணியை (கவுண்டர்) வைத்துப் பார்த்தேன். அது ஒரு தடவைகூட அழைக்கப்பட்டிருக்கவில்லை. உங்கள் டிரைவரிலும் முதல் நாளே அந்த எண்ணியை வையுங்கள். மேலே ஒரு எஃப்சிங்க் (கோப்பை டிஸ்க்கில் பதியச் சொல்லும் அழைப்பு) கொடுத்தால் எண் ஏற வேண்டும்.

உங்கள் 4 எம்பி துண்டுகளின் விலை இதோடு சேர்ந்துதான் வருகிறது. ஃபைல் சிஸ்டம் பெரும்பாலும் 4 கேபி அளவில் எழுதும். நீங்கள் துண்டை முழுக்க விரித்து, 4 கேபியை மாற்றி, மறுபடி சுருக்கி எழுத வேண்டும். விரித்த கணக்கில் 1024 மடங்கு வேலை. இது வேகம் பற்றிய கவலை மட்டும். இதைவிடப் பெரிய கவலை இன்னொன்று: துண்டைப் பழைய இடத்திலேயே திருப்பி எழுதும்போது பாதியில் மின்சாரம் போனால், அந்த 4 கேபி மட்டும் போகாது; அதோடு இருந்த மற்ற 1023 பகுதிகளும் போய்விடும். எழுதிக்கொண்டிருந்த செக்டர் கெடலாம் என்பதற்கு ஃபைல் சிஸ்டம் தயாராக இருக்கும். ஒரு மாதமாகத் தொடாத பக்கத்துச் செக்டர் கெடும் என்று எந்த ஃபைல் சிஸ்டமும் எதிர்பார்ப்பதில்லை. அதன் ஜர்னலில் அதற்கு மருந்தும் கிடையாது.

புதிய துண்டை வேறு பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து, பழைய பெயருக்கு மாற்றி, கோப்புறையையும் எஃப்சிங்க் செய்தால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் டிஸ்க்கின் வெவ்வேறு மூலைகளில் மூன்று பக்கம் மாறியிருக்க ஒரு ஃப்ளஷ் வந்தால், 12 எம்பி தரவை விரித்துச் சுருக்கி முடித்த பிறகுதான் பதில் சொல்ல முடியும். டேட்டாபேஸ் நொடிக்குப் பல ஃப்ளஷ் அனுப்பும், தாங்காது. ஆகவே உங்களுக்கு என் பரிந்துரை ஒரு லாக் கோப்பு, அதாவது வருவதை வரிசையாகப் பதியும் பதிவேடு. வரும் 4 கேபி எழுத்துகளைச் சுருக்காமல், வரிசை எண்ணோடும் செக்சமோடும் (தரவு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) லாக்கின் முனையில் சேர்த்துக்கொண்டே போங்கள். ஃப்ளஷ் வந்தால் லாக்கை மட்டும் எஃப்டேட்டாசிங்க் (எஃப்சிங்க்கின் இலகுவான வடிவம்) செய்தால் போதும். ஓய்வு நேரத்தில் பின்னணித் திரெட் ஒன்று லாக்கில் இருப்பதைத் துண்டுகளில் கலக்கட்டும். துண்டு நிரந்தரமாகப் பதிந்த பிறகுதான் லாக்கின் அந்தப் பகுதியைக் கழிக்க வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. மறுபடி தொடங்கும்போது செக்சம் பொருந்தும் வரை லாக்கை ஓட்டிப் பார்த்து, பொருந்தாத இடத்தில் நிறுத்துங்கள். படிக்கும் கோரிக்கை முதலில் லாக்கின் அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் துண்டுக்குப் போக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதையெல்லாம் கர்னலுக்குள் எழுதுவதை நினைத்துப் பாருங்கள். லாக், அட்டவணை, செக்சம், சுருக்கம், பின்னணிக் கலப்பு, பெயர் மாற்றம். எங்காவது ஒரு சுட்டி (நினைவக முகவரியைக் காட்டும் மாறி) தவறினால் கணினி முழுவதும் விழும். பயனர் வெளியில், அதாவது சாதாரண நிரல்கள் ஓடும் இடத்தில், இதே தவறு நடந்தால் ஒரு நிரல் மட்டும் விழும். பிழைதிருத்தியில் போட்டுக் காரணத்தையும் பார்க்கலாம். நான் கர்னலை வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

பயனர் வெளியில் எழுதும் வழியில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. பழையது என்பிடி (நெட்வொர்க் பிளாக் டிவைஸ்). பாவெல் மாஹெக் 1997-இல் தொடங்கியது. கோரிக்கைகளை ஒரு சாக்கெட் (நிரல்கள் பேசிக்கொள்ளும் இணைப்புப் பாதை) வழியாக வெளியே இருக்கும் நிரலுக்கு அனுப்பும். பெயரில் நெட்வொர்க் இருந்தாலும் அதே கணினிக்குள் யூனிக்ஸ் சாக்கெட்டில் நன்றாகவே ஓடும். நெறிமுறையை நீங்கள் எழுதவே வேண்டாம். என்பிடிகிட் என்ற சேவையகத்துக்கு ஒரு இணைப்பு நிரல் (பிளகின்) எழுதினால் போதும், பைத்தானில்கூட எழுதலாம். அளவு சொல்வது, படிப்பது, எழுதுவது, ஃப்ளஷ் செய்வது என்று நான்கைந்து செயல்கூறுகள். வேண்டுமென்றே பிழையையும் தாமதத்தையும் புகுத்தும் வடிகட்டிகளும் அதில் உண்டு. உங்கள் வடிவமைப்பு சரியா என்று பார்க்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது.

புதியது யூபிளாக். 2022-இல் லினக்ஸ் 6.0-இல் வந்தது, மிங் லெய் எழுதியது. சாக்கெட்டுக்குப் பதிலாக ஐஓ யூரிங் (கர்னலும் நிரலும் பகிரும் கோரிக்கை வரிசை) வழியாகக் கோரிக்கைகள் வரும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு குறைவு. அடுத்த வெளியீட்டிலேயே மீட்பு வசதியும் சேர்ந்தது: உங்கள் நிரல் விழுந்தாலும் டிஸ்க் மறையாமல் காத்திருக்கும், புதிய நிரல் வந்து அதே டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளலாம். என்பிடியில் வடிவம் நிலைத்த பிறகு யூபிளாக்குக்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகும் வேகம் போதவில்லை என்று அளந்து பார்த்து உறுதியானால், அப்போது கர்னல் டிரைவரைப் பற்றி மறுபடி பேசலாம். உங்கள் நேரம் பெரும்பாலும் சுருக்குவதிலும் விரிப்பதிலும்தான் போகும்; அதைக் கர்னலுக்குள் கொண்டுபோனாலும் குறையாது.

கர்னலுக்கு உள்ளேயோ வெளியேயோ, ஒரு சிக்கல் இரண்டு இடத்திலும் துரத்தும். நினைவகத்துக்குத் தட்டுப்பாடு வரும்போது, மாறிய பக்கங்களை டிஸ்க்கில் எழுதிவிட்டு இடத்தை விடுவிக்கக் கர்னல் முயலும். அந்த டிஸ்க் உங்களுடையது. எழுத உங்களுக்கு நினைவகம் வேண்டும். நினைவகம் கேட்டால், முதலில் பக்கங்களை எழுதி முடி என்று காத்திருக்க வைக்கும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவீர்கள். கர்னலுக்குள் என்றால், ஒதுக்கும்போது டிஸ்க் வேலையைத் தூண்டாதே என்று சொல்லும் கொடியைக் கொடுக்க வேண்டும், முன்கூட்டியே ஒரு சேமிப்பும் வைத்திருக்க வேண்டும். லூப் டிரைவர்கூடக் கீழே இருக்கும் கோப்பின் ஒதுக்கீட்டுக் கொடிகளிலிருந்து அந்த அனுமதிகளை நீக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. வெளியே என்றால், தேவையான இடையகங்களை முதலிலேயே ஒதுக்கி நினைவகத்தில் பூட்டிவிடுங்கள், 5.6 முதல், நான் டிஸ்க் வேலைக்குப் பொறுப்பான நிரல் என்று கர்னலிடம் சொல்லும் பிஆர்சிடிஎல் அழைப்பும் இருக்கிறது. இந்த டிஸ்க்கில் ஸ்வாப் (நினைவகம் போதாதபோது பக்கங்களைத் தள்ளி வைக்கும் இடம்) மட்டும் வைக்க வேண்டாம்.

விண்டோஸ் பக்கம் நிலைமை வேறு. அங்கே முழு டிஸ்க்காகத் தெரிய வேண்டும் என்றால் ஸ்டோர்போர்ட் என்ற விண்டோஸின் சேமிப்பக டிரைவரோடு இணையும் மெய்நிகர் மினிபோர்ட் டிரைவர் எழுத வேண்டும். உங்களிடம் வருவது ஸ்கஸி (டிஸ்க்குகளோடு பேசும் ஒரு பொதுத் தரம்) கட்டளைகள். படிப்பதும் எழுதுவதும் போக, நீ யார், உன் அளவென்ன, உன்னிடம் எத்தனை அலகு, கேஷைக் கொட்டு என்பவற்றுக்கெல்லாம் முறையாகப் பதில் சொல்ல வேண்டும். இம்டிஸ்க் என்ற மெய்நிகர் டிஸ்க் மென்பொருள் வேறு வழியில் போனது. அது டிஸ்க்கைக் காட்டாமல் வால்யூமை (டிரைவ் எழுத்தோடு தெரியும் பகுதியை) மட்டும் காட்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட் பட்டியலில் அது வராமல் போவது அதனால்தான். ஆர்சனல் இமேஜ் மவுண்டர் என்ற இன்னொரு மென்பொருள் முழு ஸ்கஸி டிஸ்க்கையே காட்டுகிறது.

எழுதி முடித்தாலும் டிரைவருக்கு டிஜிட்டல் கையொப்பம் பெறும் வேலை இருக்கிறது. 64-பிட் விஸ்டா முதலே கர்னல் டிரைவருக்குக் கையொப்பம் கட்டாயம். 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பு முதல், புதிய டிரைவர் மைக்ரோசாஃப்ட்டின் தளம் வழியாகவே கையொப்பம் பெற வேண்டும். சோதனைக் கையொப்ப முறையை இயக்கலாம், ஆனால் அதற்கு செக்யூர் பூட்டை (கணினி தொடங்கும்போது கையொப்பம் பார்க்கும் பாதுகாப்பை) அணைக்க வேண்டும். பயனர்களிடம் அதைக் கேட்பது சரியல்ல. வின்எஸ்பிடி என்ற திட்டம் பயனர் வெளியிலிருந்தே ஸ்கஸி டிஸ்க் கொடுக்க வழி செய்கிறது, அதைப் பாருங்கள். இன்னொரு எளிய வழி: உங்கள் லினக்ஸ் கணினியில் என்பிடி டிஸ்க்கை ஐ-ஸ்கஸியில் (நெட்வொர்க் வழியாகப் போகும் ஸ்கஸி) வெளியே கொடுத்துவிட்டால், விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் ஐ-ஸ்கஸி இணைப்பான் அதை எடுத்துக்கொள்ளும். ஒரு வரிகூட விண்டோஸ் கர்னல் நிரல் வேண்டாம். ஒரே டிஸ்க்கை இரண்டு கணினியிலும் ஒரே நேரத்தில் எழுதும்படி மவுண்ட் செய்துவிடாதீர்கள், ஃபைல் சிஸ்டம் சிதைந்துவிடும்.

விண்டோஸில் படித்தால் மட்டும் போதும் என்றால் வேலை பாதியாகக் குறையும்; லினக்ஸிலும் அப்படித்தான். லாக், ஃப்ளஷ் எதுவும் வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சரியாக மூடப்படாத இஎக்ஸ்டி4-ஐப் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தாலும் அது ஜர்னலை ஓட்டி எழுத முயலும். டிஸ்க் எழுத விடாது, மவுண்ட் தோற்கும். ஜர்னலை ஏற்றாதே என்ற நோலோட் விருப்பத்தோடு மவுண்ட் செய்ய வேண்டும்.

சோதனையைப் பற்றி. உங்கள் நிரலைக் கொன்றுவிட்டு மறுபடி தொடங்கி, தரவு இருக்கிறது, ஆகவே பாதுகாப்பானது என்று முடிவு கட்டாதீர்கள். நிரல் செத்தாலும் அது எழுதியவை கர்னலின் பக்கக் கேஷில் உயிரோடு இருக்கும். மின்தடையில் அந்தக் கேஷும் போய்விடும். எல்லாவற்றையும் ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓட்டி, அந்தக் கணினியையே வெளியிலிருந்து வெடுக்கென்று நிறுத்துங்கள். டிவைஸ் மேப்பரில் (டிஸ்க்கின் மேல் இன்னொரு டிஸ்க் அடுக்கைப் போடும் கர்னல் வசதி) இருக்கும் லாக்-ரைட்ஸ் இன்னும் நுட்பமானது: எல்லா எழுத்துகளையும் ஃப்ளஷ்களையும் வரிசையாகப் பதிவு செய்து, எந்தப் புள்ளி வரை வேண்டுமானாலும் திருப்பி ஓட்டிக் காட்டும். உங்கள் துண்டுகள் இருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் அடியில் அதை வைத்து, ஒவ்வொரு ஃப்ளஷ் புள்ளியிலும் நிறுத்தி, உங்கள் லாக் சரியாக மீள்கிறதா என்று பாருங்கள். மேலே இருந்து ஃபியோ என்ற டிஸ்க் சோதனைக் கருவியைச் சரிபார்ப்பு முறையில் இரவு முழுக்க ஓட விடுங்கள்.

கழற்றும் வரிசையையும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்: முதலில் ஃபைல் சிஸ்டத்தை அன்மவுண்ட், அடுத்து டிஸ்க்கைத் துண்டிப்பு, கடைசியாக உங்கள் நிரலை நிறுத்துவது. கணினி அணையும்போது மற்ற நிரல்களோடு சேர்த்து உங்கள் நிரலையும் முன்னாலேயே நிறுத்திவிட்டால், அதன் டிஸ்க்கை அன்மவுண்ட் செய்ய முயலும் கணினி பதிலுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். சிஸ்டம்டியில் (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் நிரல்) சேவையின் சார்புகளை இதற்கேற்ப அமையுங்கள். என்பிடிகிட்டில் முதல் வடிவத்தை ஓட்டிய பிறகு, ஃப்ளஷ் எண்ணியில் என்ன எண் வருகிறது என்று இங்கே எழுதுங்கள். லாக்கின் அமைப்பை அங்கிருந்து சேர்ந்து பார்க்கலாம்.